விண்மீனின் தொலைவு: அங்கே போகாமலே 4.24 ஒளியாண்டு என்று எப்படிச் சொல்கிறார்கள்?

கேள்வி
பதிந்தவர்: வகுப்பறை (தென்காசி)

அனைவருக்கும் வணக்கம். தென்காசி வட்டாரத்தில் ஒரு பள்ளியில் மேல்நிலை வகுப்புகளுக்கு இயற்பியல் கற்பிக்கிறேன். சூரியனை விட்டால் நமக்கு மிக அருகில் இருக்கும் விண்மீன் பிராக்சிமா சென்டாரி என்றும், அதன் தொலைவு 4.24 ஒளியாண்டு என்றும் வகுப்பில் சொன்னபோது ஒரு மாணவி எழுந்து, "அங்கே எந்த விண்கலமும் போனதில்லை. ஏறத்தாழ நான்கு என்று சொன்னால் கூடப் பரவாயில்லை. புள்ளிக்குப் பிறகு இரண்டு இலக்கம் வரை எப்படிச் சொல்கிறார்கள்?" என்று கேட்டாள். இதற்குப் பாடநூல் தரும் விடை, இடமாறு தோற்றத்தை (பார்க்கும் இடம் மாறினால் பொருளும் இடம் மாறித் தெரிவதை) பற்றிய ஒரு பத்தியும் ஒரு முக்கோணப் படமும்தான்.

கையை நீட்டிக் கட்டைவிரலை நிறுத்தி, கண்களை மாற்றி மாற்றி மூடிப் பார்க்கும் சோதனையை வகுப்பிலேயே செய்தோம். விரல் இடம் மாறுவது எல்லோருக்கும் தெரிந்தது. உண்மையான ஐயங்கள் அதற்குப் பிறகுதான் எழுந்தன. இரண்டு கண்களுக்குப் பதிலாகப் பூமியின் சுற்றுப்பாதையின் இரு முனைகள் என்றால், ஆறு மாத இடைவெளியில் விண்மீன்கள் இடம் மாறித் தெரிய வேண்டும். ஆனால் கார்த்திகைக் கூட்டமும் சப்தரிஷி மண்டலமும் எந்த மாதத்தில் பார்த்தாலும் அதே வடிவத்தில்தான் இருக்கின்றன. பின்னணியில் இருப்பவையும் விண்மீன்கள்தானே, அவையும் சேர்ந்து நகராதா? முக்கோணத்தின் அடிப்பக்கமான பூமி–சூரியன் தொலைவை முதலில் எப்படி அறிந்தார்கள்? ஆண்ட்ரோமெடா விண்மீன் மண்டலம் 25 லட்சம் ஒளியாண்டு என்கிறோமே, அதற்கும் இதே முக்கோணம்தானா?

சூத்திரத்தை நானே கரும்பலகையில் எழுதிவிடுவேன். எந்தக் கருவியைக் கொண்டு, எவ்வளவு சிறிய கோணத்தை, யார் அளந்தார்கள் என்பதைத்தான் மாணவர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். அவர்கள் தாங்களே செய்து பார்க்கக்கூடிய அளவீடு ஏதேனும் இருந்தால் அதையும் தெரிவித்து உதவுங்கள்.


மறுமொழி 1
பதிந்தவர்: துருவமீன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். அடிப்பக்கத்திலிருந்தே தொடங்குகிறேன், ஏனெனில் அது தவறானால் அதன் மேல் கட்டிய எல்லாத் தொலைவுகளும் அதே விகிதத்தில் தவறிவிடும்.

கெப்ளரின் மூன்றாம் விதியைக் கொண்டு, கோள்களின் சுற்றுக்காலத்திலிருந்து அவற்றின் தொலைவுகளை ஒன்றுக்கொன்று விகிதமாகக் கணக்கிட்டுவிடலாம். பூமியின் தொலைவை ஒன்று என்று வைத்தால் வெள்ளி 0.72, செவ்வாய் 1.52 என்று சூரியக் குடும்பத்தின் வரைபடம் முழுவதும் கிடைத்துவிடும். அந்த வரைபடத்தில் ஒரே ஒரு கோட்டின் நீளம் கிலோமீட்டரில் தெரிந்தால் போதும், மற்றவை தாமே வந்துவிடும். அந்த ஒரு கோட்டுக்காகத்தான், வெள்ளி சூரிய வட்டின் குறுக்கே கடந்து செல்லும் அரிய நிகழ்வைப் பூமியின் பல மூலைகளிலிருந்து நேரம் குறித்துப் பார்க்க வேண்டும் என்று எட்மண்ட் ஹேலி 1716இல் வற்புறுத்தினார். 1761, 1769 ஆகிய ஆண்டுகளின் கடப்புகளுக்காக உலகெங்கும் வானியலாளர்கள் கப்பலேறினார்கள். பிரெஞ்சு வானியலாளர் லெ ஜென்டில் தேர்ந்தெடுத்த இடம் நம் புதுச்சேரி. முதல் கடப்பின்போது போரின் காரணமாக அவரால் கரையிறங்க முடியாமல், அளவீட்டுக்கு உதவாத ஆடும் கப்பலிலிருந்துதான் அதைப் பார்க்க நேர்ந்தது. எட்டு ஆண்டுகள் கிழக்கிலேயே தங்கி, புதுச்சேரியில் ஆய்வகம் அமைத்துக் காத்திருந்தவருக்கு 1769 ஜூன் 4ஆம் நாள் காலையில் மேகம் மறைத்துவிட்டது. உங்கள் மாணவர்களுக்கு அவர் கதையைக் கட்டாயம் சொல்லுங்கள். ஓர் எண்ணுக்கு மனிதர்கள் கொடுத்த விலை அதில் தெரியும்.

பிற இடங்களில் கிடைத்த அளவீடுகளைத் தொகுத்து பிரெஞ்சு வானியலாளர் லாலாந்து 1771இல் கணக்கிட்ட தொலைவு ஏறத்தாழ 15.3 கோடி கிலோமீட்டர். இன்றைய மதிப்பு 14.96 கோடி. அந்தக் காலத்துக் கடிகாரங்களைக் கொண்டு இவ்வளவு நெருங்கியதே பெரிய செயல். 1961இல் வெள்ளியை நோக்கி ரேடார் அலைகளை அனுப்பி, எதிரொலி திரும்ப எடுத்துக்கொண்ட சில நிமிடங்களை அளந்தபோது இந்த மதிப்பில் இருந்த ஐயம் பெரும்பாலும் நீங்கியது. சூரியனுக்கு நேராக ரேடாரை அனுப்பாததற்குக் காரணம், அலையைத் தெளிவாகத் திருப்பி அனுப்பும் திண்மையான பரப்பு அதற்கு இல்லை என்பதே. 2012இல் பன்னாட்டு வானியல் ஒன்றியம் வானியல் அலகு என்பதை 14,95,97,870.7 கிலோமீட்டர் என்று வரையறுத்துவிட்டது.

இனி உங்கள் மாணவர்களின் முதல் ஐயம். விண்மீன்கள் நகர்வது ஏன் தெரியவில்லை என்ற அதே கேள்வியைக் கொண்டுதான் பதினாறாம் நூற்றாண்டு வானியலாளர் டைக்கோ பிராகே, பூமி சூரியனைச் சுற்றவில்லை என்று வாதிட்டார். வாதத்தில் பிழை இல்லை. விண்மீன்கள் அவர் எண்ணியதைவிட மிகமிகத் தொலைவில் இருந்தன, அவ்வளவுதான். ஒரு பாகையை 60 வில்நிமிடமாகவும், ஒரு வில்நிமிடத்தை 60 வில்விநாடியாகவும் பிரிக்கிறோம். நல்ல பார்வை உடையவர் பிரித்தறியக்கூடிய மிகச் சிறிய கோணம் ஏறத்தாழ ஒரு வில்நிமிடம். மிக அருகிலுள்ள பிராக்சிமாவின் இடமாறு கோணமோ 0.768 வில்விநாடி. 22 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு நாணயத்தை ஏறத்தாழ ஆறு கிலோமீட்டருக்கு அப்பால் நிறுத்தினால் அது கண்ணில் ஏற்படுத்தும் கோணம் இவ்வளவுதான். இது பாதிக் கோணம்; ஆறு மாதத்தில் தெரியும் முழு நகர்வு இதைப் போல் இரு மடங்கு. அப்படியும் கண்ணின் திறனில் நாற்பதில் ஒரு பங்குதான்.

இந்தக் கோணத்தைத் தேடிப் போய் வேறொன்றைக் கண்டவர் ஜேம்ஸ் பிராட்லி. 1725 முதல் அவர் ஒரு விண்மீனைத் தொடர்ந்து அளந்தபோது அது ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 20 வில்விநாடி அளவுக்கு அங்குமிங்கும் அசைந்தது. ஆனால் அந்த அசைவு, இடமாறு தோற்றத்தால் வர வேண்டிய மாதங்களில் வராமல் மூன்று மாதம் தள்ளி வந்தது. பூமியின் வேகத்தால் ஒளி வரும் திசை சற்றே சாய்ந்து தெரிகிறது என்பதை அவர் உணர்ந்தார். பூமி நகர்கிறது என்பதற்கு முதல் நேரடிச் சான்று அதுவே. இடமாறு கோணம் மட்டும் மேலும் நூறாண்டுக் காலம் பிடிகொடுக்கவில்லை.

அதை ஐயத்துக்கு இடமின்றி அளந்து 1838இல் வெளியிட்டவர் ஃபிரெட்ரிக் பெசல். அவர் தேர்ந்தெடுத்தது பளிச்சென்ற விண்மீனை அன்று. வெறுங்கண்ணுக்கு அரிதாகத் தெரியும் 61 சிக்னி என்ற மங்கலான இரட்டை விண்மீனை. அது ஆண்டுக்கு ஐந்து வில்விநாடிக்கு மேல் வானில் தானாகவே நகர்ந்து சென்றுகொண்டிருந்ததால், அருகில்தான் இருக்க வேண்டும் என்று அவர் ஊகித்தார். ஃபிரான்ஹோஃபரின் பட்டறையில் உருவான ஹீலியோமீட்டர் என்ற கருவியை அவர் பயன்படுத்தினார். அதன் முன்வில்லை சரிபாதியாக வெட்டப்பட்டிருக்கும்; ஒவ்வொரு பாதியும் வானத்தின் ஒரு படத்தைத் தரும். நுண்திருகு ஒன்றைத் திருகி ஒரு பாதியை நகர்த்தி, ஒரு படத்தில் உள்ள 61 சிக்னியை மற்றப் படத்தில் உள்ள பக்கத்து விண்மீனின் மேல் பொருத்தினால், திருகு எவ்வளவு திரும்பியது என்பதிலிருந்து இரண்டுக்கும் இடையிலுள்ள கோணம் கிடைக்கும். இப்படி ஓராண்டுக்கு மேல் இரவிரவாக அளந்து அவர் பெற்ற விடை 0.314 வில்விநாடி. இன்றைய மதிப்பு 0.286, தொலைவு 11.4 ஒளியாண்டு. ஏறத்தாழ 16 சென்டிமீட்டர் வில்லையைக் கொண்டு, காற்றின் நடுக்கத்தினூடே, அவர் எவ்வளவு அருகில் வந்திருக்கிறார் என்று பாருங்கள். அதே காலத்தில் ஸ்ட்ரூவ வேகா விண்மீனையும், நன்னம்பிக்கை முனையில் எடுத்த அளவீடுகளைக் கொண்டு ஹெண்டர்சன் ஆல்ஃபா சென்டாரியையும் அளந்தார்கள்.

பின்னணி விண்மீன்களும் நகராதா என்ற இரண்டாவது ஐயம் மிகவும் நுட்பமானது, முற்றிலும் சரியானது. நகரும். பெசல் அளந்தது, மங்கலான பக்கத்து விண்மீன்களை ஒப்பிட்டு 61 சிக்னி எவ்வளவு கூடுதலாக நகர்ந்தது என்பதையே. அவை மிகத் தொலைவில் இருப்பதாக அவர் எடுத்துக்கொண்டார். தரையிலிருந்து அளந்த அனைவரும் இந்தத் திருத்தத்துடன் போராட வேண்டியிருந்தது. ஐரோப்பிய விண்வெளி முகமை 1989இல் அனுப்பிய ஹிப்பார்க்கஸ் செயற்கைக்கோளும், 2013 டிசம்பர் 19இல் அனுப்பிய கயாவும் இதை அடிப்படையிலேயே தீர்த்தன. கயாவில் ஒன்றுக்கொன்று 106.5 பாகை விலகிய திசைகளைப் பார்க்கும் இரு தொலைநோக்கிகள் ஒரே உணரிப் பரப்பில் படம் வீழ்த்தின. வானத்தின் இரண்டு வேறு மூலைகளில் உள்ள விண்மீன்கள் ஆண்டின் ஒரே நேரத்தில் ஒரே அளவில் நகர்வதில்லை என்பதால், அப்பெரும் கோணங்களை மீண்டும் மீண்டும் அளந்து ஒருங்கே தீர்க்கும்போது, பக்கத்து விண்மீனை நம்ப வேண்டிய தேவையே இல்லாமல் ஒவ்வொன்றின் முழு இடமாறு கோணமும் கிடைத்துவிடுகிறது. கயா பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டருக்கு அப்பால், ஆறு மணி நேரத்துக்கு ஒரு சுழற்சி என்று மெல்லச் சுழன்றபடி, 2025 ஜனவரி 15 வரை அளந்துகொண்டிருந்தது. நன்கு ஒளிரும் விண்மீன்களில் அதன் பிழை ஒரு வில்விநாடியில் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு என்ற அளவை எட்டியது.

இப்போது அந்த மாணவியின் கேள்விக்கு நேரடி விடை. 3.2616ஐ வில்விநாடியில் உள்ள இடமாறு கோணத்தால் வகுத்தால் தொலைவு ஒளியாண்டில் வரும். ஹிப்பார்க்கஸ் பிராக்சிமாவுக்குத் தந்த கோணம் 0.772, அதன்படி தொலைவு 4.22 ஒளியாண்டு. ஹபிள் தொலைநோக்கியின் அளவீடு 0.7687, அதிலிருந்து வந்ததே நூல்களில் உள்ள 4.24. கயா தந்தது 0.76807, அதன்படி 4.2465. ஆகவே இரண்டு இலக்கத்தில் சொல்வதானால் இன்று 4.25 என்பதே பொருத்தம். புள்ளிக்குப் பின்னுள்ள அந்த இரண்டாம் இலக்கம் கருவிக்குக் கருவி மாறியதையும், மாறும் அளவு ஒவ்வொரு முறையும் சுருங்கிக்கொண்டே வந்ததையும் அவளிடம் காட்டுங்கள்.


மறுமொழி 2
பதிந்தவர்: வகுப்பறை (தென்காசி)

மிக்க நன்றி ஐயா. ஹீலியோமீட்டரின் வெட்டிய வில்லையைப் பற்றி இதற்கு முன் நான் எங்கும் படித்ததில்லை. இரண்டு பாதி வில்லைகளை வைத்து வகுப்பில் செய்து காட்ட முடியும் என்று தோன்றுகிறது. உங்கள் விளக்கத்தைப் படித்ததும் எழுந்த ஒரு கேள்வி: அடிப்பக்கம் நீளமானால் கோணமும் பெரிதாகும் அல்லவா? பூமியின் சுற்றுப்பாதையோடு நிற்காமல், தொலைதூரம் சென்றுவிட்ட விண்கலத்திலிருந்து யாரேனும் அளந்திருக்கிறார்களா?


மறுமொழி 3
பதிந்தவர்: துருவமீன்

அளந்திருக்கிறார்கள். 2015இல் புளூட்டோவைக் கடந்த நியூ ஹொரைசன்ஸ் விண்கலம், 2020 ஏப்ரலில் பூமியிலிருந்து ஏறத்தாழ 700 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தபோது, பிராக்சிமாவையும் உல்ஃப் 359 என்ற மற்றோர் அண்டை விண்மீனையும் படம் எடுத்தது. அதே நாட்களில் பூமியிலிருந்தும் அவை படம் எடுக்கப்பட்டன. இரண்டு படங்களையும் அடுத்தடுத்து வைத்தால் விண்மீன் இடம் மாறி நிற்பது வெறுங்கண்ணுக்கே தெரிகிறது. அவை பொதுவெளியில் கிடைக்கின்றன. உங்கள் வகுப்புக்கு இவற்றைவிட நல்ல சான்று இல்லை.

ஆனால் அதனால் தொலைவின் துல்லியம் கூடவில்லை. அந்த விண்கலத்தின் கேமரா சிறியது. கோணத்தை அது அளக்கும் நுட்பம் கயாவின் நுட்பத்துக்கு அருகில் கூட வராது. அடிப்பக்கம் இருபது மடங்குக்கு மேல் நீண்டும், கோணத்தில் வரும் பிழை பல ஆயிரம் மடங்கு பெரிதாக இருந்தால் பயன் இல்லை.


மறுமொழி 4
பதிந்தவர்: பால்வழிப் பயணி

ஆண்ட்ரோமெடா பற்றிய கேள்வி விடுபட்டிருப்பதால் அதை நான் எடுத்துக்கொள்கிறேன். சுருக்கமாகச் சொன்னால், 25 லட்சம் ஒளியாண்டுக்கு முக்கோணம் எட்டாது. அங்கே கோணம் ஒரு வில்விநாடியில் ஏறத்தாழ எட்டு லட்சத்தில் ஒரு பங்கு. இன்றைய எந்தக் கருவியும் ஒரு தனி விண்மீனில் அதை அளக்காது. ஆகையால் கோணத்தை விட்டுவிட்டு ஒளியின் அளவைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

தொலைவு இரு மடங்கானால் நம்மை வந்து சேரும் ஒளி நான்கில் ஒரு பங்காகும். பத்து மடங்கானால் நூற்றில் ஒரு பங்கு. எனவே ஒரு விண்மீன் உண்மையில் எவ்வளவு ஒளிர்கிறது என்று தெரிந்தால், எவ்வளவு மங்கலாகத் தெரிகிறது என்பதிலிருந்து தொலைவைக் கணக்கிடலாம். எவ்வளவு மங்கல் என்பதை எண்ணாகச் சொல்ல வானியலாளர்கள் இன்றும் பயன்படுத்தும் பொலிவெண் அளவுகோல், ஐந்து எண் வேறுபாடு சரியாக நூறு மடங்கு ஒளி வேறுபாட்டுக்குச் சமம் என்று வகுக்கப்பட்டது. அதை 1856இல் முன்மொழிந்த நார்மன் போக்சன், 1861 முதல் 1891இல் இறக்கும் வரை சென்னை நுங்கம்பாக்கத்தில் இருந்த வானாய்வகத்தை நடத்தியவர். அந்த ஆய்வகத்தைப் பற்றி நம் மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும் என்பது என் நீண்ட நாள் விருப்பம்.

ஆனால் உண்மையான ஒளிர்வை எப்படி அறிவது? அருகில் உள்ள மங்கலான விண்மீனும் தொலைவில் உள்ள பெரிய விண்மீனும் ஒரே மாதிரிதானே தெரியும்? இந்தச் சிக்கலை அவிழ்த்தவர் ஹார்வர்டு ஆய்வகத்தில் பணியாற்றிய ஹென்ரியட்டா லெவிட். பெரு நாட்டில் எடுக்கப்பட்ட ஒளிப்படத் தகடுகளை ஆராய்ந்து, மெகல்லன் முகில்கள் எனப்படும் இரு அண்டைச் சிறு விண்மீன் மண்டலங்களில் ஒளி கூடிக் குறையும் 1,777 விண்மீன்களை அவர் பட்டியலிட்டார். 1912இல், சிறிய மெகல்லன் முகிலில் உள்ள 25 செஃபீடு விண்மீன்களை (சீரான கால இடைவெளியில் துடித்து ஒளி கூடிக் குறையும் வகையை) எடுத்து, அவை துடிக்கும் காலத்தையும் பொலிவையும் வரைபடமாக்கினார். காலம் நீளமாக நீளமாக விண்மீன் பொலிவாக இருந்தது. அவை அனைத்தும் ஒரே முகிலுக்குள், நம்மிடமிருந்து ஏறத்தாழ ஒரே தொலைவில் இருப்பதால், பொலிவில் தெரிந்த வேறுபாடு உண்மையான ஒளிர்வின் வேறுபாடே என்பதை அவர் கண்டுகொண்டதுதான் அந்தப் பணியின் உயிர். அதன் பிறகு, எங்கோ ஒரு செஃபீடு எத்தனை நாளுக்கு ஒருமுறை துடிக்கிறது என்று பார்த்தால் போதும். அது எவ்வளவு ஒளிர்கிறது என்று சொல்லிவிடலாம்.

ஒரு குறை மட்டும் இருந்தது. லெவிட்டின் வரைபடம் ஒரு செஃபீடைவிட இன்னொன்று எத்தனை மடங்கு ஒளிர்கிறது என்று சொல்லும். எந்த ஒன்றின் முழு ஒளிர்வையும் சொல்லாது. ஏதேனும் சில செஃபீடுகளின் தொலைவை வேறு வழியில், அதாவது மேலே துருவமீன் ஐயா விளக்கிய முக்கோணத்தால், அளந்து தந்தாக வேண்டும். அன்றைய கருவிகளுக்கு எட்டும் தொலைவில் ஒரு செஃபீடு கூட இல்லை. நமக்கு மிக அருகில் இருக்கும் செஃபீடு நாம் எல்லோரும் அறிந்த துருவ விண்மீன்தான். அதுவே நானூறு ஒளியாண்டுக்கு மேல் இருக்கிறது. எனவே மறைமுகக் கணக்குகளைக் கொண்டு ஒப்பேற்றினார்கள்.

அந்த நிலையில்தான் எட்வின் ஹபிள் 1923 அக்டோபரில் அமெரிக்காவின் மவுண்ட் வில்சன் ஆய்வகத்தின் 2.5 மீட்டர் தொலைநோக்கியால் ஆண்ட்ரோமெடாவில் ஒரு செஃபீடைக் கண்டார். அதன் துடிப்புக் காலம் ஏறத்தாழ 31 நாள். அதிலிருந்து அவர் கணக்கிட்ட தொலைவு ஏறத்தாழ 9 லட்சம் ஒளியாண்டு. பால்வழி மண்டலத்துக்கு வெளியே வேறு விண்மீன் மண்டலங்கள் உண்டு என்ற முடிவுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. ஆனால் எண் தவறு. 1952இல் வால்டர் பாடே, செஃபீடுகளில் இரண்டு வகை உண்டு, ஒரே துடிப்புக் காலத்தில் ஒரு வகை மற்றதைவிடப் பல மடங்கு பொலிவானது, இவ்வளவு காலமும் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிவிட்டோம் என்று அறிவித்தார். ஒரே அறிவிப்பில் ஆண்ட்ரோமெடாவும் அதற்கு அப்பால் உள்ள அனைத்தும் இரு மடங்கு தொலைவுக்குப் போய்விட்டன.

செஃபீடுகளும் தெரியாத தொலைவுக்கு, முதலாம் ஏ வகைச் சூப்பர்நோவாக்கள் உதவுகின்றன. அணு எரிபொருள் தீர்ந்து சுருங்கிய வெண்குறுமீன் ஒன்று துணை விண்மீனிடமிருந்து பொருளைப் பெற்று, ஏறத்தாழ 1.4 சூரிய நிறையை நெருங்கும்போது வெடித்துச் சிதறுவதாக விளக்கப்படும் நிகழ்வு இது. அந்த 1.4 என்ற வரம்பைக் கணக்கிட்ட சுப்பிரமணியன் சந்திரசேகர் சென்னை மாநிலக் கல்லூரியின் மாணவர். 1930இல் இங்கிலாந்துக்குக் கப்பலில் செல்லும்போது, இருபது வயதுகூட நிரம்பாத நிலையில் அக்கணக்கைத் தொடங்கினார். வெடிக்கும் நிறை ஏறத்தாழ ஒன்றே என்பதால் உச்ச ஒளியும் ஏறத்தாழ ஒன்றாக இருக்கிறது. எஞ்சிய வேறுபாட்டை, ஒளி மங்கும் வேகத்தைக் கொண்டு திருத்திக்கொள்கிறார்கள். இவற்றை அளந்தே பேரண்டத்தின் விரிவு முடுக்கம் பெறுகிறது என்று 1998இல் இரு குழுக்கள் கண்டறிந்தன.

ஆக, சூப்பர்நோவாவின் ஒளிர்வை செஃபீடுகளும், செஃபீடுகளின் ஒளிர்வை முக்கோணமும், முக்கோணத்தின் அடிப்பக்கத்தை ரேடாரும் தாங்குகின்றன. கீழே ஒரு விழுக்காடு பிழை இருந்தால் மேலே உள்ள அனைத்திலும் அது ஏறும். இந்த வழியில் கணக்கிடும்போது பேரண்டம் விரியும் வீதம் ஒரு மெகாபார்செக்குக்கு (ஏறத்தாழ 32.6 லட்சம் ஒளியாண்டுக்கு) விநாடிக்கு ஏறத்தாழ 73 கிலோமீட்டர் என்று வருகிறது; பெருவெடிப்பின் எச்சமான நுண்ணலைக் கதிர்வீச்சிலிருந்து கணக்கிட்டால் ஏறத்தாழ 67 என்று வருகிறது. இது இன்றும் தீராத வழக்கு. கயாவின் கோணங்களை இவ்வளவு கவனமாகச் சரிபார்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம். எடுத்துக்காட்டாக, தொலைதூர மண்டலங்களின் மிகப் பொலிவான மையங்களான குவேசார்கள் நூற்றுக்கணக்கான கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பால் இருப்பதால் அவற்றின் இடமாறு கோணம் சுழியாக இருக்க வேண்டும். கயாவின் பட்டியலில் அது சராசரியாகச் சுழிக்குச் சற்றுக் கீழே, ஒரு வில்விநாடியில் பத்து லட்சத்தில் 17 பங்கு என்ற அளவில் இருந்தது. கருவியின் பிழையை இப்படிக் கண்டுபிடித்து, விண்மீன்களின் கோணங்களில் திருத்திக்கொள்கிறார்கள்.


மறுமொழி 5
பதிந்தவர்: மலையோரத் தொலைநோக்கி

மேலே இருவரும் எழுதியவற்றுக்குப் பிறகு கோட்பாட்டில் சேர்க்க எனக்கு ஒன்றும் இல்லை. மாணவர்கள் செய்யக்கூடிய அளவீட்டை மட்டும் சொல்கிறேன். விண்மீனின் இடமாறு கோணம் பள்ளியின் கைக்கு எட்டாது. நிலவின் கோணம் எளிதாக எட்டும், அதற்குத் தொலைநோக்கி கூட வேண்டாம்.

உங்கள் ஊருக்கும் சென்னைக்கும் நேர்க்கோட்டுத் தொலைவு ஏறத்தாழ 560 கிலோமீட்டர். இரண்டு ஊர்களிலிருந்தும் ஒரே நேரத்தில் நிலவைப் பார்த்தால், பின்னணி விண்மீன்களை ஒப்பிட அது ஏறத்தாழ 5 வில்நிமிடம் இடம் மாறித் தெரியும். அதாவது நிலவின் விட்டத்தில் ஆறில் ஒரு பங்கு. டெல்லியில் ஒரு பள்ளி துணைக்குக் கிடைத்தால் இன்னும் நல்லது: அடிப்பக்கம் இரண்டாயிரம் கிலோமீட்டரைத் தாண்டும், நகர்வும் நிலவின் விட்டத்தில் பாதிக்கு மேல் வரும்.

நிலவு செல்லும் பாதைக்கு அருகில் ரோகிணி, மகம், சித்திரை, கேட்டை ஆகிய நான்கு பொலிவான விண்மீன்கள் உள்ளன. நாட்காட்டியில் அந்த நட்சத்திரங்களுக்குரிய நாட்களில், நிலவு அவற்றுள் ஒன்றை நெருங்கும் இரவைத் தேர்ந்தெடுங்கள். வியாழன் போன்ற கோள் அருகில் இருந்தாலும் போதும். எந்த இரவில் எவ்வளவு நெருங்கும் என்பதை ஸ்டெல்லேரியம் என்ற இலவச மென்பொருளில் முன்கூட்டியே பார்க்கலாம். அதிலேயே ஊரைத் தென்காசிக்கும் சென்னைக்கும் மாற்றி மாற்றி வைத்தால் நிலவு நகர்வது திரையில் தெரியும். மாணவர்கள் அதை ஒத்திகையாகச் செய்து பார்க்கட்டும்.

படம் எடுக்க 200 மில்லிமீட்டர் வில்லையுள்ள சாதாரணக் கேமராவும் அசையாத முக்காலியும் வேண்டும். நிலவின் ஒளி விண்மீனை மூழ்கடித்துவிடும் என்பதால், வளர்பிறையின் முதல் நாட்கள் நல்லவை. மற்ற நாட்களில், கேமராவை அசைக்காமல், நிலவுக்காகக் குறைந்த ஒளிபடும் நேரத்திலும் விண்மீனுக்காகக் கூடுதல் நேரத்திலும் இரண்டு படங்களை உடனுக்குடன் எடுத்துக்கொள்ளுங்கள். அடிவானத்தில் காற்று ஒளியை வளைத்துவிடும். ஆகவே நிலவு 30 பாகைக்கு மேல் ஏறிய பிறகு தொடங்குங்கள்.

நேரத்தில்தான் பெரும்பாலோர் தவறுவார்கள். நிலவு விண்மீன்களுக்கிடையே ஒரு நிமிடத்தில் அரை வில்நிமிடத்துக்கு மேல் நகர்கிறது. நீங்கள் அளக்கப்போவதே ஐந்து வில்நிமிடம் என்பதால், இரு ஊர்களின் கடிகாரங்கள் ஒரு நிமிடம் பிசகினால் விடையில் பத்து விழுக்காட்டுக்கு மேல் பிழை வந்துவிடும். பத்து விநாடிக்குள் ஒத்திருந்தால் பிழை இரண்டு விழுக்காட்டுக்குள் நிற்கும். கைபேசியின் கடிகாரம் வலைப்பின்னலோடு ஒத்திசைந்திருப்பதை முன்னரே சரிபார்த்து, தொலைபேசியில் பேசிக்கொண்டே இரு ஊரிலும் ஒரே நொடியில் எடுங்கள்.

பிறகு, இரண்டு படங்களின் அளவையும் திசையையும் ஒன்றாக்கி, விண்மீன் விண்மீனின் மேல் பொருந்துமாறு வையுங்கள். இரு படங்களிலும் உள்ள நிலவின் ஒரே பக்க விளிம்புகளுக்கு இடையிலுள்ள இடைவெளியை நிலவின் விட்டத்தோடு ஒப்பிட்டால் கோணம் கிடைக்கும்; நிலவின் அன்றைய கோண விட்டத்தை ஸ்டெல்லேரியமே சொல்லும். கோணத்தை ரேடியனாக மாற்றி, அடிப்பக்கத்தை அதனால் வகுங்கள். இரு ஊர்களையும் இணைக்கும் கோட்டுக்கு நிலவு நேர்செங்குத்தாக இல்லாதபோது, அடிப்பக்கத்தின் முழு நீளம் பயன்படாது. கோட்டுக்கும் நிலவின் திசைக்கும் இடையிலுள்ள கோணத்தின் சைன் மதிப்பால் அதைப் பெருக்கிக்கொள்ள வேண்டும். பதினோராம் வகுப்பு மாணவர்களுக்கு இது நல்ல பயிற்சி.

கிடைத்த விடையை 3,84,400 கிலோமீட்டரோடு ஒப்பிட வேண்டாம். அது சராசரி. நிலவு ஏறத்தாழ 3,56,500 முதல் 4,06,700 வரை விலகியும் நெருங்கியும் வருவதால், அந்த இரவின் அந்த நேரத்துக்குரிய தொலைவை மென்பொருளில் பார்த்து, அதனோடுதான் ஒப்பிட வேண்டும். நீங்கள் அளப்பது உங்கள் ஊரிலிருந்து நிலவுக்குள்ள தொலைவு, பூமியின் மையத்திலிருந்து அன்று. நிலவு தலைக்கு மேல் இருக்கும்போது இந்த இரண்டுக்கும் ஏறத்தாழ 6,400 கிலோமீட்டர் வேறுபாடு உண்டு. உங்கள் படங்கள் நன்றாக அமைந்தால், எந்தத் தொலைவோடு ஒப்பிட வேண்டும் என்பதில் அந்த வேறுபாடும் கணக்கில் வரும்.